பதினோராம் தளத்தின் கடைசிச் சறுக்கல்

அத்தியாயம் 9

வாண்டு ஜெயித்துவிட்டாள் என்று போன வாரம் துள்ளிக் குதித்தவர்கள் தயவுசெய்து கொஞ்சம் உட்காருங்கள். நானும்தான் குதித்தேன். அடுத்து வந்த வியாழக்கிழமை நடந்ததைக் கேட்டபிறகு எனக்கும் உட்காரத்தான் தோன்றுகிறது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. வாண்டுவுக்குப் பத்தொன்பது வயது. பெரிய செம்மண் டென்னிஸ் போட்டி ஒன்று அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வருடாவருடம் நடக்கிறது. தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்து, முதல்முறையாக அதன் பிரதான சுற்றுக்குள் காலை வைத்திருக்கிறாள். அவளுடைய அம்மா அதே மைதானத்தில் தளங்களைப் பராமரிக்கிறவள். அம்மாவின் தம்பி, அதாவது வாண்டுவின் மாமா, பத்திரிகையில் டென்னிஸ் எழுதுகிறவர். அப்பா கப்பலில் எஞ்சின் பார்க்கிறார்; எந்தக் கடலில் இருக்கிறார் என்பது சில நாள் அவருக்கே சந்தேகம்.

அம்மாவை மைதானத்தில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். தம்பிக்கு நாற்பத்தாறு வயது, முன்மண்டை பளபளக்கிறது. இருந்தாலும் அவர் தம்பிதான்.

யார் யாரோடு மோதுவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிற நாள் அந்த வியாழன். அன்று பகல் இரண்டு மணிக்குள் தம்பி தன் புகழ்பெற்ற பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். ‘கோப்பைக்கு எட்டுப் பேர்’ என்று தலைப்பு. ஊரே எதிர்பார்க்கும். போன இரண்டு வருடமும் அவர் பட்டியலில் போட்ட, யாரும் எதிர்பார்க்காத ஒருத்தியே ஜெயித்ததால், அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ஜோசியர்.

அந்த ஜோசியம் எங்கிருந்து வருகிறது என்பது நாலாம் அத்தியாயம் படித்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் அக்காவோடு வாருங்கள்.

காலை ஆறரை மணி. பதினோராம் தளம் மைதானத்தின் பின்மூலையில், பம்பு அறையை ஒட்டி இருக்கிறது. பார்வையாளர் வரிசை கிடையாது, பயிற்சிக்கு மட்டும். மற்ற தளங்களை ஆட்கள் குழுவாகப் பார்த்துக்கொள்வார்கள். இது ஒன்று மட்டும் அக்காவின் தனிப் பொறுப்பு.

முந்தின நாள் மாலை அவள்தான் மூடிவிட்டுப் போயிருந்தாள். தரையில் இழுக்கிற கனமான வலையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி ஓரத்துக்கு வருவாள். பின்னால் வருகிற வலை அவள் காலடியையும் சேர்த்து அழித்துவிடும். அப்புறம் வெளியே நின்று குழாயால் தண்ணீர் தெளிப்பாள். கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். வேறு சாவி கிடையாது.

இப்போது கதவைத் திறந்தாள். எதிர்ப்பக்கத்துப் பாதி முழுக்கத் தடம்.

கதவிலிருந்து அங்கே போன தடம் இல்லை. அங்கிருந்து வெளியே வந்த தடமும் இல்லை. பின்கோட்டில் தொடங்கி, ஓடி, சறுக்கி, திரும்பி, மறுபடி ஓடி, ஒரு முழு ஆட்டம் ஆடியிருந்தார்கள். நடுவில் கட்டிய ஆட்ட வலைக்கு இந்தப் பக்கம் எதிராளி நின்ற தடம் ஒன்றுகூட இல்லை. பந்து விழுந்த புள்ளியும் எங்குமே இல்லை. செங்கல் பொடியைச் சலித்துப் பரப்பிய தரை அது. ஒரு குருவி நடந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இது மூன்றாவது வருடம். மூன்று முறையும் குலுக்கல் நாள் காலையில்தான்.

முதல் வருடம் யாரோ சுவரேறிக் குதித்திருக்கிறார்கள் என்றுதான் அக்கா நினைத்தாள். உற்றுப் பார்த்தபோது கால் தெரிந்துபோனது. பதினைந்து வருடம் இந்த மண்ணைக் கூட்டியவளுக்கு ஒவ்வொருத்தர் சறுக்கலும் அவரவர் கையெழுத்து மாதிரி. உலக வரிசையில் நாற்பதாவதாக இருந்த ஒரு பெண்ணின் சறுக்கல் அது. தம்பியிடம் விளையாட்டாகச் சொன்னாள். அவரும் விளையாட்டாக எட்டாவது இடத்தில் போட்டார். அந்தப் பெண் கோப்பையைத் தூக்கினாள். இரண்டாம் வருடம் வேறொருத்தியின் தடம். தம்பி அவளை இரண்டாவது இடத்தில் போட்டார். அவளும் தூக்கினாள்.

இந்த வருடம் யார் என்று குனிந்து பார்த்த அக்கா, குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

ஒவ்வொரு சறுக்கலும் முடிந்த இடத்தில் பின்னால் எடுத்துவைத்த இரண்டு குட்டி எட்டு, குட்டிக் காலடி, இருந்தது. வாசல் கால்மிதியில் செருப்பைத் தட்டுகிற மாதிரி, டக், டக். ஆறு வயதில் இதே பதினோராம் தளத்தில் சறுக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து வாண்டு அப்படித்தான் திரும்புவாள். அரை நொடி வீண் என்று மூன்று பயிற்சியாளர்கள் முட்டி மோதிப் பார்த்தார்கள். கால் கேட்கவில்லை.

என் பெண் கோப்பையை எடுக்கப்போகிறாள்! அக்காவுக்கு முதலில் வந்தது அந்தச் சந்தோஷம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இடது குதிகால் தடத்தை உற்றுப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் பாதியில் நின்றது. போனை எடுத்தாள்.

“டேய், எங்க இருக்க?”

“பல் தேய்ச்சிட்டிருக்கேன்க்கா.”

“வாயைக் கொப்பளிச்சிட்டு நேரா பதினொண்ணுக்கு வா.”

மறுமுனையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது. “வந்திடுச்சா?”

“வா.”

தம்பி இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அக்கா அவரை ஷூவைக் கழற்றச் சொல்லி, கோட்டுக்கு வெளியிலேயே நிற்கவைத்தாள். அவருக்குத் தடம் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு எட்டு யாருக்குத்தான் தெரியாது?

“அக்கா! இது நம்ம வாண்டு!”

“கத்தாதே. பம்பு ரூம்ல ஆள் இருக்கு.”

“முதலிடம்! இந்தத் தடவை கண்ணை மூடிக்கிட்டு முதலிடத்துல போடறேன். மாமா பாசம்னு நாலு பேரு சொல்லுவாங்க, சொல்லட்டுமே. ரெண்டு வாரம் கழிச்சு அத்தனை பேரும் வாயடைச்சுப் போவாங்க.”

“நீ முதல்ல வாயடை. இடது குதிகாலைப் பாரு. வெளிப்பக்கம்.”

தம்பி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு இடது தடத்திலும் குதிகால் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு சின்ன வெட்டு இருந்தது.

“வாண்டு ஷூவுல அது இல்லை” என்றாள் அக்கா. “நேத்து சாயங்காலம் நான்தானே துடைச்சு வெச்சேன். மூணு ஜோடியிலயும் இல்லை.”

“அப்ப வேற யாராவது இருக்குமோ?”

“அந்த ரெண்டு எட்டை வேற யாருடா வெப்பா?”

அக்கா தம்பியை ஓரமாகவே நடத்தி இடது மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே கடைசிச் சறுக்கல் கிடந்தது. அவள் கையால் நாலு முழம் இருக்கும். அவ்வளவு நீளமாக வாண்டு இதுவரை சறுக்கியதில்லை. முனையில் மண் சின்ன மேடாக ஒதுங்கியிருந்தது.

அந்த மேட்டிலிருந்து இரண்டு மூன்று துகள்கள் அப்போதும் உருண்டுகொண்டிருந்தன. கால் இப்போதுதான் எடுபட்டது போல.

“பார்த்தியா?” என்றாள் அக்கா மெதுவாக. “இதுக்கப்புறம் ரெண்டு எட்டு இல்லை.”

“விழுந்திருப்பாளோ?”

“விழுந்தா முட்டி பதியும். கை பதியும். நின்னா எட்டு இருக்கும். இங்க ஒண்ணுமே இல்லை. சறுக்கினா, அவ்வளவுதான்.”

“போன ரெண்டு வருஷமும் எப்படி முடிஞ்சது?”

“இப்படித்தான். ஆட்டம் அங்க முடிஞ்சுதுன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.”

மண்மேட்டுக்கு அப்பால் இன்னொன்றும் இருந்தது. மயிரிழை அகலத்தில், வளைவாக, முன்னே போய் மேலே எழும்பிய ஒரு மட்டைக் கீறல். அக்கா அதையும் பார்த்தாள். தம்பியிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவர் மறுபடியும் முதலிடம் முதலிடம் என்று குதிப்பார்.

எட்டு மணிக்குப் பயிற்சிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். தம்பியை அனுப்பிவிட்டு அக்கா வலையை இழுத்தாள். எல்லாத் தடமும் ஒரே சுற்றில் போயிற்று. இடது மூலைக்கு வந்ததும் வலை நின்றது. யாரோ மிதித்துக்கொண்டிருப்பது மாதிரி நின்றது. அக்கா திரும்பிப் பார்த்தாள். வெறும் மண். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். வலை வந்துவிட்டது. அவளுடைய இரண்டு உள்ளங்கையும் சிவந்துபோயிருந்தன.

பத்திரிகை அலுவலகத்தில் விளையாட்டுப் பகுதி மூன்றாவது மாடியில், காப்பி இயந்திரத்துக்கும் கழிவறைக்கும் நடுவே இருக்கிறது. அதிலிருந்தே அந்தப் பகுதியின் மரியாதையைத் தெரிந்துகொள்ளலாம். வருடத்தில் இந்த ஒரு நாள் மட்டும் ஆசிரியரம்மாவே இறங்கி வருவார்.

“என்ன ஜோசியரே, கட்டம் போட்டாச்சா?”

“போட்டுட்டே இருக்கேன் மேடம்.”

தம்பியை வெறும் ஒட்டுண்ணி என்று நினைத்துவிடாதீர்கள். எட்டில் ஒன்றைத்தான் அக்கா தருவாள். மற்ற ஏழும் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துச் சேர்த்தவை. செம்மண்ணில் பந்து மெதுவாக வரும், வந்து தோளுக்கு மேலே எம்பும். வேகமாக அடிக்கிறவர்கள் இங்கே வந்து அலுத்துப்போவார்கள். பொறுமைசாலிகளுக்குத்தான் இங்கே காலம். முதலில் உலகின் முதல் நிலைக்காரியை எழுதினார். எம்பும் பந்துக்கென்றே அளவெடுத்துச் செய்த உயரம். அடுத்து இடதுகைக்காரி; இந்த வசந்தத்தில் இரண்டு செம்மண் கோப்பைகளை வரிசையாக வாரிக்கொண்டவள். மூன்றாவது, அவர் ‘சுவர்’ என்று பெயர் வைத்த பெண். அவள் எதையும் ஓங்கி அடிக்கமாட்டாள். எதிராளிக்கு அழுகை வரும்வரை எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பாள்.

பதினோரு மணிக்குக் குலுக்கல் முடிந்தது. வாண்டு கீழ்ப்பாதியில் விழுந்திருந்தாள். முதல் சுற்றிலேயே பதினான்காம் நிலைக்காரி. அதைத் தாண்டினாலும் மேலே மூன்று பெரிய கைகள். தம்பி பெருமூச்சு விட்டார். கணக்குப்படி பார்த்தால் வாய்ப்பே இல்லை.

பதினொன்றே முக்காலுக்கு அந்த மூவரில் ஒருத்தி மணிக்கட்டு வலி என்று விலகினாள். பன்னிரண்டேகாலுக்கு இன்னொருத்திக்குக் காய்ச்சல். பன்னிரண்டரைக்கு மூன்றாமவளும் விலகினாள். அவள் காரணமே சொல்லவில்லை.

தம்பி அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாண்டுவின் பெயரிலிருந்து அரையிறுதிவரை யாரோ முன்னால் போய்க் கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டே போகிறார்கள்.

முதலிடத்தில் வாண்டுவின் பெயரை அடித்தார். அழித்தார். மறுபடி அடித்தார்.

பன்னிரண்டே முக்காலுக்குத் திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்தது. போன வருடம் இங்கே கோப்பை வாங்கியவள் டென்னிஸை விட்டு விலகுவதாக அறிவித்திருந்தாள். இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் பெயர்ந்த முட்டி. இரண்டு அறுவை சிகிச்சை. இனிமேல் முடியாதாம்.

பாவம் என்று நினைத்தவர், அடுத்த நொடியே நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கு முந்தின வருடத்துக்காரி? கோப்பை வாங்கி ஒரு மாதத்தில் முதுகு ஒத்துழைக்கவில்லை என்று விலகியவள். ‘உச்சியில் நின்று விடைபெற்றாள்’ என்று தம்பியே உருகி உருகி எழுதியிருந்தார். அவளுடைய கடைசி ஆட்டமும் இங்கே நடந்த அந்த இறுதி ஆட்டம்தான்.

இரண்டு இறுதி ஆட்டங்களின் கடைசிப் பந்தையும் திரையில் போட்டுப் பார்த்தார். முதலாமவள் இடது மூலைக்கு ஓடினாள், சறுக்கினாள், எட்டாத பந்தை எட்டி அடித்து ஜெயித்தாள். அவள் முகம் ஒரு கணம் சுருங்கியதை அன்றைக்கு யாருமே கவனிக்கவில்லை. இரண்டாமவளும் ஓடினாள். அதே மூலைதான். நாலு முழச் சறுக்கல்.

தம்பி ஒலியை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். காப்பி இயந்திரம் கரகரத்துக்கொண்டிருந்தது. யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேருக்கு நடுவில், நட்டநடுப் பகலில், அவருக்கு மட்டும் தலைக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது.

வாண்டுவின் பெயரை அழித்தார். எட்டாவது இடத்தில், ஒரு வருடமாகச் செம்மண்ணில் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்த ஒருத்தியின் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டார். தெரிந்தே பொய்யாக அவர் கொடுத்த முதல் பட்டியல் அதுதான்.

ஆசிரியரம்மா இன்டர்காமில் வந்தார். “என்னங்க, உங்க மருமக பேரைக் காணோமே? அவ பகுதி முழுக்கக் காலியாயிடுச்சே. கடைசி இடத்துலயாவது போடுவீங்கன்னு பார்த்தேன்.”

“இன்னும் பக்குவம் பத்தாது மேடம்.”

“பாவம், மாமாவே இப்படிச் சொன்னா எப்படி?”

தம்பி சிரித்து மழுப்பினார். ரிசீவரை வைத்த கையோடு தன் போனை எடுத்தார். மணி இரண்டு பத்து.

அதே இரண்டு பத்துக்கு அக்கா வீட்டுப் பின் பால்கனியில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மூன்று ஜோடி ஷூக்கள். வேலையிலிருந்து வந்தவள் சோற்றைக்கூடத் தொடவில்லை.

முதல் ஜோடி பழசு, அடிப்பாகம் தேய்ந்து மொழுக்கென்று இருந்தது. மூன்றாவது, பெட்டியிலிருந்து எடுக்காத புதுசு. நடு ஜோடிதான் வாண்டு ஆட்டத்துக்குப் போடுவது. காலையில் ஆறாம் தளத்தில் பயிற்சிக்குப் போட்டுக்கொண்டு போய் மண்ணோடு கழற்றிப் போட்டிருந்தாள். அக்கா இடது ஷூவைக் கவிழ்த்து, குதிகால் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

இன்னொரு முறை தடவினாள். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. இது இல்லை, என் பெண் இல்லை. எவளோ ஒருத்தி வாண்டுவைப் பார்த்து அந்த இரண்டு எட்டைப் பழகிக்கொண்டிருக்கிறாள். யாராக இருந்தாலும் அவளும் ஒரு தாய் பெற்ற பெண்தான் என்று மனசு குத்தியது. ஆனாலும் நிம்மதி நிம்மதிதான். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு எப்போதும் செய்கிற வேலையைச் செய்ய உட்கார்ந்தாள். ஷூ அடியில் வரிவரியாக ஓடுகிற பள்ளங்களில் மண் இறுகினால் கால் பிடிக்காது. அதனால் வாண்டுவின் ஷூவை வாண்டுகூடத் தொடக்கூடாது, அக்காதான் சுத்தம் செய்வாள். அதற்கு அவள் வைத்திருப்பது மைதானத்தில் கோட்டின்மேல் ஏறிய மண்ணைச் சுரண்டுகிற எஃகுத் தகடு. பல் தேய்க்கிற பிரஷ் போதும்மா என்று வாண்டு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். தகட்டால் சுரண்டினால்தான் அக்காவுக்குத் திருப்தி.

இடது ஷூவின் குதிகாலுக்கு வந்தபோது போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டாள்.

“அக்கா, கேளு, குறுக்கப் பேசாதே” என்றார் தம்பி. மூச்சிரைத்தது. “ஜெயிச்சவங்கன்னு நினைச்சோமே, தப்புக்கா. போன வருஷத்துக்காரி விலகிட்டா. அதுக்கு முந்தினவளும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் இங்க ஆடின இறுதி ஆட்டம்தான் கடைசி. அந்தக் கடைசிச் சறுக்கலோட சரி, அப்புறம் அவங்க தளத்துல காலே வைக்கலை. அது ஜெயிக்கப்போறவ தடம் மட்டும் இல்லைக்கா. இனிமே ஆடவே போகாதவ தடம்.”

அக்காவின் கை நழுவியது.

தகடு ரப்பரில் இறங்கி வெளியே வந்த சத்தம் ரொம்பச் சின்னது. வெட்டிய நகம் போல ஒரு துண்டு தரையில் விழுந்தது. அக்கா ஷூவைத் திருப்பினாள். இடது குதிகால், வெளிப்பக்கம். பிறை.

“பட்டியல்ல அவ பேரை எடுத்துட்டேன்க்கா. எழுதலைன்னா நடக்காதில்ல? அக்கா? லைன்ல இருக்கியா?”

“வெச்சிடு” என்றாள் அக்கா. அந்தக் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவள் அந்தத் துண்டை எடுத்து வெட்டில் வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒட்டவைத்தால் சரியாகிவிடும் என்று பசைக்காகச் சமையலறை இழுப்பறையெல்லாம் கலைத்தாள். பசை காய்ந்து கல்லாக இருந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, அந்த ஜோடியைக் கொண்டுபோய்த் துணி துவைக்கிற மெஷினுக்குள் போட்டு மூடியைச் சாத்திவிட்டு, மறுபடி பால்கனியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை செய்கிற காரியமா இது? பயம் வந்தால் எல்லோரும் குழந்தைகள்தான்.

வாண்டு குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். கையில் போன், முகமெல்லாம் சிரிப்பு.

“அம்மா, குலுக்கல் பார்த்தியா? என் பக்கத்துல மூணு பேர் காலி! கோச் போன்ல கத்தறார். மாமா பட்டியல் வந்துடுச்சா? எட்டாவதாவாவது என்னைப் போட்டிருப்பாருல்ல?”

“போடலை.”

சிரிப்பு அப்படியே நின்றது. “எட்டாவதுகூடவா?”

“எட்டாவதுகூட.”

“ஊரு முழுக்க ஜோசியம் சொல்றாரு, எனக்குச் சொல்ல வாய் வரலையா?” வாண்டு திரும்பிக்கொண்டாள். “சரி விடு. ஷூ எங்க?”

“ஈரமா இருக்கு. பழசைப் போட்டுக்கோ.”

“அம்மா.” வாண்டு திரும்பி அவளைப் பார்த்தாள். “உனக்குப் பொய் சொல்ல வராது. எதுக்கு முயற்சி பண்றே?”

அது உண்மை. வாண்டுவுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு சின்னக் கோப்பைக்கு இறுதி ஆட்டம். கடைசிப் பந்து உள்ளேயா வெளியேயா என்று இரண்டு பிள்ளைகளும் சண்டை போட்டு, கடைசியில் அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். அக்கா தடத்தைப் பார்த்தாள். வெளியே என்றாள். தோற்றது அவள் பெண். வாண்டு இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மா தடம் பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

அக்கா எழுந்துபோய் மெஷினைத் திறந்தாள். ஷூவை எடுத்து வாண்டுவின் மடியில் வைத்தாள். மூன்று வருடத்துக் கதையையும் சொன்னாள். பூட்டின தளம், எதிராளி இல்லாத ஆட்டம், இரண்டு எட்டு, பிறை, மாமாவின் போன், தன் கை நழுவியது, ஒன்று விடாமல் சொன்னாள். வாண்டு குதிகால் வெட்டில் விரலை வைத்தபடியே கேட்டாள்.

“காலையில இதே மாதிரியா இருந்துச்சு?”

“அச்சு அசல்.”

“வேணும்னு வெட்டலையே நீ?”

“என் கையை நானே வெட்டிக்குவேனா?” அக்கா உடைந்துபோனாள். “வேண்டாம்டி. ஆடாதே. எனக்குக் கோப்பை வேண்டாம். அடுத்த வருஷம் ஆடு, அதுக்கடுத்த வருஷம் ஆடு, முதல் சுத்துலயே தோத்துட்டு வா, நான் சிரிச்சிட்டுத் தட்டு வெப்பேன். நீ ஆடிட்டே இருக்கணும். அது போதும் எனக்கு.”

“புது ஜோடியைப் போட்டுக்கவா?”

“போட்டுக்கோ. போட்டுக்கோ.”

“அது கால்ல பழகப் பத்து நாளாகும். அதுலயும் நீ தகடு வெப்பே.”

அதைக் கேட்டு அக்காவால் சிரிக்கவும் முடியவில்லை. கீழே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“அம்மா, ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு மாதிரி, தடத்தைப் பார்த்தது பார்த்தபடி சொல்லணும்.”

“கேளு.”

“அந்தக் கடைசிச் சறுக்கல்ல நான் பந்தை எடுத்தேனா?”

மண்மேட்டுக்கு அப்பாலிருந்த அந்தக் கீறல் அக்காவின் கண்முன் வந்தது. பந்து எட்டாதவளின் மட்டை மண்ணில் தட்டையாகத் தேய்ந்து நின்றுபோகும். எட்டியவளின் மட்டைதான் மண்ணைத் தொட்டு முன்னே போய் மேலே எழும்பும். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இல்லை என்று சொன்னால் போதும். இல்லடி, பந்து போயிடுச்சு, நீ தோத்துட்டே. இவ்வளவு பட்டு இவ்வளவு தூரம் போய்த் தோற்கத்தான் என்றால், இவள் ஒருவேளை வீட்டிலேயே இருந்துவிடுவாள். தம்பி இன்றைக்கு ஊருக்கே ஒரு பொய் எழுதிக் கொடுத்திருக்கிறான். தன் பெண்ணுக்கு ஒரே ஒரு பொய் சொல்ல அக்காவுக்கு உரிமை இல்லையா?

வாண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பத்து வயதில் கோட்டருகே நின்று பார்த்த அதே பார்வை.

“எடுத்துட்டே” என்றாள் அக்கா.

வாண்டு தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் உதட்டோரத்தில் சிரிப்பு வந்திருந்ததை அக்கா பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வாண்டு குனிந்து இடது ஷூவில் காலை நுழைத்தாள். நாடாவை இழுத்து, இரண்டு முடிச்சுப் போட்டாள்.

“நாலு மணிக்குப் பதினொண்ணுல பயிற்சி போட்டிருக்காங்கம்மா. வந்து திறந்து விடு.”

வாண்டு முன்னால் படியிறங்கிப் போய்விட்டாள். பால்கனித் தரையில், சுரண்டிப் போட்ட செம்மண் பொடியில், ஓர் இடதுகால் பிறையோடு பதிந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனையோ பேர் தடத்தை வலை இழுத்து அழித்தவள் அக்கா. அந்த ஒன்றை அழிக்க மனம் வராமல், எடுத்த துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.